கை வீசி நடத்தல்

சமூக நிலையத்தின் கண்ணாடிக் கதவு பின்னால் மூடிக்கொண்டதும் தை மாதக் குளிர் வந்து பரராஜசிங்கத்தின் மூக்கு நுனியைப் பிடித்தது. பிடிக்கட்டும் என்று நின்றார். உள்ளே பாயில் கிடந்து கால் தூக்கிக் கை நீட்டி, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக நிலத்திலிருந்து கழற்றி, பிறகு ஒவ்வொரு கணுவாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்த உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. தடித்த ஜக்கற்றுக்குள் அந்தச் சூடு அவருக்கென்று மட்டும் மூட்டிய அடுப்பைப் போலக் கிடந்தது. வகுப்புக்கு வந்த பெண்கள் வாகனத் தரிப்பிடத்தில் தங்கள் கார்க் கண்ணாடிகளில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இந்நேரம் சுகிர்தமலரின் சாம்பல்நிறக் கார் வாசலோடு வந்து நிற்கும். அவள் உள்ளே இருந்தபடியே எட்டிக் கதவைத் திறந்துவிடுவாள். அவர் முதலில் பின்பக்கத்தை இருக்கையில் வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துவைப்பார், ஏதோ பீங்கான் சாமானை அலுமாரிக்குள் வைப்பதுபோல. இன்றைக்குக் கார் இல்லை. இன்றைக்கு நடக்கிறார். வகுப்பு முடிந்ததும், உள்ளே உடுப்பு மாற்றமுன், போனில் இதை அவளுக்குச் சொன்னார். "நடந்தோ?" என்று கேட்டாள், அவர் பறந்து வருகிறேன் என்று சொன்னதுபோல. "இந்தக் குளிருக்கையோ? றோட்டெல்லாம் கண்ணாடி மாதிரிக் கிடக்கு." "மார்த்தா நடக்கச் சொன்னவ." "விழுந்தால் மார்த்தாவோ வந்து தூக்கப்போறா?" "வாறன், வையும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் பேச்சு முடியமுன் அவர் போனை வைத்தது இதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். அந்த எண்ணம் கொஞ்சம் பயமாகவும் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. இரண்டில் எது கூட என்று பார்க்காமல் வலது காலை எடுத்து நடைபாதையில் வைத்தார்.

உப்புத் தூவியிருந்தார்கள். சப்பாத்துக்குக் கீழே கறுக், கறுக் என்றது. உப்பு இருக்குமட்டும் பயமில்லை, உப்பு இல்லாத இடத்தில்தான் கதை வேறு. வகுப்பு நடத்துகிற மார்த்தா சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டார். குளிரில் மனுசர் தோளைத் தூக்கிக் காதுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள், அதை இறக்கு. முழங்காலைக் கட்டையாக்காதே. சின்ன அடியாக வை, பாரம் முன்காலுக்கு மேலே இருக்கட்டும். தொப்புளை முதுகுப் பக்கம் இழு, ஆனால் மூச்சை அடக்காதே. இதெல்லாம் மார்த்தா ஆங்கிலத்தில், அதுவும் போர்த்துக்கல்லிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலத்தில் சொன்னவை. அவருடைய தலைக்குள் வந்து விழும்போது எல்லாம் தமிழாகிவிடுகின்றன, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தேகாப்பியாசம் படிப்பித்த வாத்தியாரின் அதட்டலோடு. எழுபது தாண்டிய மனுசி, அவருடைய நெஞ்சளவுதான் உயரம், ஆனால் அவ "முதுகு" என்றால் அறையில் இருக்கிற அத்தனை முதுகும் நிமிரும். போன கிழமை வகுப்பு முடிய அவ எல்லாரையும் இருக்கவைத்துச் சொன்னா: "குளிர்காலம் வந்ததும் நீங்கள் வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து இங்கே, இங்கிருந்து திரும்பக் காருக்கு. பாயில் நித்திரையால் எழுப்பிவிட்ட தசைகளைக் கார் இருக்கையில் கொண்டுபோய் மறுபடி நித்திரையாக்குகிறீர்கள். நடவுங்கள். நடக்கத்தானே இவ்வளவும்." சொல்லிவிட்டு நேரே அவரைப் பார்த்தா. ஏன் என்னைப் பார்க்கிறா? வகுப்பில் நான் ஒருவன்தான் ஆம்பிளை, அதனால் இருக்கலாம். அல்லது என்னைப் பார்த்தால் நடக்காத ஆள் என்று தெரியுதோ. தெரியும்தான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு போத்தல் பால் வாங்கவும் காரில் போனவர். தெருமுனைக் கோயிலுக்குக் காரில் போய், கார் விட இடமில்லாமல் வீட்டுக்குக் கிட்டவே கொண்டுவந்து விட்டுவிட்டு நடந்துபோய்க் கும்பிட்டவர். மகள் ஆரபி அதை இப்பவும் சொல்லிச் சிரிப்பாள். நான் ஊரில் நடந்தது எனக்குக் காணும், இனி ஒரு பிறவிக்கும் நடக்கத் தேவையில்லை என்று அவர் சொல்வார். அவள் அதைப் பகிடி என்று நினைப்பாள். அரைவாசி பகிடிதான்.

நடையில் ஏதோ ஒன்று பிசகிக்கொண்டு வந்தது. கால் சரியாகத்தான் விழுகிறது, மூச்சும் சரி, பிறகு என்ன என்று பார்த்தால் கை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கிக்கொண்டு அப்படியே வந்தன, ஆருடையவோ கைகளை வாங்கித் தோளில் கொளுவிக்கொண்டு வந்ததுபோல. கை வீசி நடக்கவேணும் என்று மார்த்தா சொன்னவ. இடது கால் போனால் வலது கை போகும், அது தானாக வரும், குழந்தைக்கும் வரும் என்று. அவருக்கு வரவில்லை. வீசிப் பார்த்தார். வலது காலோடு வலது கையே போனது, பட்டாளத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவன்போல. நின்று, சிரித்து, திரும்பத் தொடங்கினார். அப்போதுதான் யோசித்தார், நான் எப்போது கை வீசி நடந்திருக்கிறேன்? சின்ன வயதில் பள்ளிக்கூடப் பை. பிறகு சைக்கிள், அதிலும் ஏறி ஓடியதைவிட உருட்டியது கூட. இங்கே வந்த பிறகு வெதுப்பகத்தில் பாண் தட்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சுயரத்துக்கு அடுக்கிய தட்டுகளைக் கட்டிப்பிடித்தபடி பின்பக்கமாக நடந்து பழகிய வருடங்கள். கை வீசினால் பாண் நிலத்தில். வீட்டுக்கு வந்தால் மரக்கறிப் பைகள், அரிசி மூட்டை, நித்திரையான ஆரபி. கைகளுக்கு இது புதிது, பாவம், வெறுமையாக இருக்க அவற்றுக்குத் தெரியாது. அதுகளை அதுகளின் பாட்டில் விட்டுவிட்டு வேறெதையாவது பார்ப்போம் என்று பார்த்தார். ஒரு வீட்டுக் கூரையில் நத்தார் விளக்கு இன்னும் கழற்றப்படாமல் பகல் வெளிச்சத்தில் மங்கி மங்கி எரிந்தது. ஒரு அணில், வாலை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு, பனியில் எதையோ தோண்டியது. எங்கோ ஒரு குசினியின் புகைபோக்கியால் வெங்காயம் வதங்குகிற வாசம் வந்தது, நம்மாட்களாகத்தான் இருக்கவேணும், கறிவேப்பிலையும் போட்டுவிட்டார்கள். காரில் போனால் இந்த வாசம் வராதே என்று நினைத்தார். இந்த வீதியால் எத்தனையோ வருடமாகப் போய்வந்தும் இங்கே ஒரு தமிழ் வீடு இருக்கிறது என்று தெரியாமல் போயிற்றே. கீழே பார்த்தால் கை வீசிக்கொண்டிருந்தது. பார்த்ததும் நின்றுவிட்டது. பார்க்காதே, என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

பார்க்காமல் நடந்தவர் ஓடைக்கு மேலாகப் போகிற பாலத்துக்கு வந்துவிட்டார். வெறும் வீதிப் பாலந்தான். காரில் போகும்போது அது பாலம் என்றே தெரியாது, டயர் ஒருமுறை தடக் என்னும், அவ்வளவுதான். நடந்து வந்தால் பாலம் பாலமாகவே இருந்தது. கீழே ஓடை உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. காற்று இரண்டு பக்கத்தாலும் வந்தது. நடைபாதையில் உப்பு இல்லை. பனி ஒருமுறை உருகி மறுபடி உறைந்து, சாம்பல்நிறத்தில், வழுவழு என்று, கம்பி வேலியின் நிழலைக்கூடக் காட்டிக்கொண்டு கிடந்தது. விழுந்தால். கால் நின்றுவிட்டது. விழுந்தால் முதலில் குதிக்கால் சறுக்கும், பிறகு முதுகடியில் நாரி அடிபடும், பிறகு, போன முறை போல. போன முறை என்றால் இரண்டு குளிர்காலத்துக்கு முந்தி, வீட்டு வாசலில், சவளால் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது. அள்ளியதை வீச உடம்பைத் திருப்பினார், கால் போனது, அடுத்ததாக அவருக்குத் தெரிந்தது வானம். பனி நேரே கண்ணுக்குள் விழுந்தது, கண்ணை மூடமுடிந்தது, வேறெதையும் அசைக்கமுடியவில்லை. பிறகு ஆஸ்பத்திரி, முதுகெலும்பில் வட்டு விலகியது என்று படம் காட்டிச் சொன்ன டொக்டர், மாதக்கணக்கில் கட்டில், வெதுப்பகத்தில் இனிப் பாரம் தூக்கவேண்டாம் என்று கொடுத்த கதிரை வேலை. விழுந்தால் திரும்ப அதெல்லாம். திரும்பிப் போகலாமா? திரும்பினால் சுகிர்தமலருக்குப் போன் எடுக்கவேணும், அவள் வருவாள், ஒன்றும் சொல்லமாட்டாள், அந்த ஒன்றும் சொல்லாததுதான் தாங்கமுடியாது. பாலம். மார்த்தாவின் வகுப்பிலும் ஒரு பாலம் இருக்கிறது, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, நாரியை மெல்ல மெல்ல உயர்த்துவது. அதை முதல்முறை செய்யச் சொன்ன அன்று அவர் உயர்த்திய நாரியை இறக்க மறந்து அப்படியே கிடந்தார், "இறக்கலாம், இறக்கலாம்" என்று மார்த்தா வந்து தட்டவேண்டியிருந்தது. பாலம் என்ற சொல் கேட்டதும் மனம் ஊரில் நாவற்குழிப் பாலத்துக்குப் போய்விட்டது என்று அவவுக்கு எப்படிச் சொல்வது. இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுக்க எழும்பி நடந்த அந்த ஐப்பசி மழையில், சைக்கிள் கரியரில் அம்மாவை இருத்தி, கைபிடியின் இரண்டு பக்கமும் பைகளைத் தொங்கவிட்டு, உருட்டிக்கொண்டு வந்தவர் அந்தப் பாலத்தடியில் வந்து நின்றார், எல்லாரும் நின்றார்கள், ஒரு அடி எடுத்துவைக்க இடமில்லை. குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தால் சைக்கிள் சரியும், சரிந்தால் அம்மா விழுவா. "தம்பி, நாரி நோகுதோ?" என்று அம்மா கேட்டா. "இல்லையம்மா" என்றார். அம்மாவின் கை அவருடைய சேட்டைப் பிடித்திருந்தது, நனைந்த சேட்டுக்கு மேலாக அந்தக் கையின் சூடு. அம்மா அதன்பிறகு நெடுநாள் இருக்கவில்லை. ஆனால் பாலத்தைக் கடந்தார்கள். அதுதான் சங்கதி, கடந்தார்கள். அவ்வளவு பாரத்தோடு, அவ்வளவு சனத்துக்குள்ளே, குனிந்தபடி கடந்தவன், இப்போது பாரமில்லாமல், சனமில்லாமல், நேராக நின்றுகொண்டு கடக்கப் பயப்படுகிறேன். மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. விட்டார். வெள்ளையாக வெளியே போனது. தோள் காதடியில் இருந்தது, இறக்கினார். முழங்காலை இளக்கினார். தொப்புளை உள்ளே எடுத்து, பாதம் முழுவதையும் தட்டையாக, வாத்துப் போல, ஒன்று, பிறகு ஒன்று. நடுவில் ஒரு இடத்தில் சப்பாத்து இம்மி அளவு வழுக்கியது, ஆனால் வயிற்றுக்குள்ளே ஏதோ ஒன்று, வகுப்பில் இத்தனை மாதமாகத் தேடியும் எது என்று தெரியாமல் இருந்த ஒன்று, கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஓ, இதுதானோ நீ, என்று அதனிடம் கேட்டார். அந்தக் கரையில் மறுபடி உப்பு. கறுக், கறுக்.

கடந்த பிறகு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. அளவுக்கு மிஞ்சியது என்று அவருக்கே தெரிந்தது. ஒரு பாலத்தைத்தானே கடந்தாய், இமயமலையையோ ஏறினாய்? என்றாலும் உள்ளே ஒரு பெடியன் துள்ளிக்கொண்டு வந்தான். காது விறைத்திருந்தது, மூக்கு ஒழுகியது, தொடை இரண்டும் நல்ல வேலை செய்த மாடுகளைப் போலச் சூடேறி, சொன்ன சொல் கேட்டன. வெயில் இருந்தது, சூடு இல்லாத வெறும் வெளிச்ச வெயில், ஆனாலும் பனியில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசவைத்தது. உலகத்தில் எனக்கு இப்போது ஒன்றும் வேண்டாம் என்று ஒரு எண்ணம் வந்தது. உடனே, அப்படி நினைக்கக்கூடாது, கண்ணூறு படும் என்று இன்னொரு எண்ணம் வந்தது. பிறகு மூன்றாவதாக, இரண்டையும் பார்த்துச் சிரிக்கிற ஒரு எண்ணம். இப்படியே வந்தவர் குலேந்திரனின் வீட்டு வாசலுக்கு வந்ததைக் கவனிக்கவில்லை. குலேந்திரன் ஊரில் ஒரே வகுப்பில் இருந்தவன், இங்கே இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் பனியைச் சவளால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"எங்கையடாப்பா நடந்து வாறாய்? கார் பழுதோ?"

"இல்லை. சும்மா நடக்கிறன்."

"சும்மாவோ? மனிசியோடை சண்டையோ?"

"இல்லையடா. வகுப்பு முடிஞ்சு வாறன்."

"என்ன வகுப்பு? பிசியோவுக்குத்தானே போறனி?"

ஒரு வருடமாக அவனுக்கும் மற்றவர்களுக்கும் பிசியோ என்றுதான் சொல்லிவைத்திருந்தார். பெண்களோடு பாயில் கிடந்து கால் தூக்குகிற கதையைச் சொன்னால் கலியாண வீடுகளில் அதுதான் கதையாக இருக்கும். இன்றைக்கென்று பொய் வரவில்லை. குளிரில் உறைந்திருக்கவேணும்.

"பிசியோ இல்லை. பிலாட்டிஸ்."

"அதென்ன, சாப்பிடுறதோ?"

"நாரிக்குச் செய்யிற அப்பியாசம். பொம்பிளையள்தான் கூட வருகினம். நான் ஒராள்தான் ஆம்பிளை."

குலேந்திரன் சவளை நிலத்தில் ஊன்றி அதன் மேல் நாடியை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். இப்போது சிரிக்கப்போகிறான் என்று பரராஜசிங்கம் காத்திருந்தார். அவன் சிரிக்கவில்லை.

"என்ரை நாரியும் சரியில்லையடா," என்றான், ஆருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல. "காலமை சப்பாத்துப் போடக் குனியேலாமல் கிடக்கு. அங்கை என்னையும் சேர்ப்பினமோ?" பிறகு, அவர் பதில் சொல்லமுன், அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அது உன்ரை மனிசியெல்லே?" என்றான்.

திரும்பினார். கொஞ்சத் தூரத்தில், வீதி ஓரமாக, சாம்பல்நிறக் கார் நின்றது. எச்சரிக்கை விளக்குகள் மினுங்கி மினுங்கி அணைந்தன. தன்னைக் கண்டுவிட்டார் என்று தெரிந்ததும் கார் தயங்கித் தயங்கி முன்னே வந்து, குலேந்திரனின் வீட்டு வாசலுக்கு முன்னால் நின்றது. கண்ணாடி இறங்கியது. சுகிர்தமலர் கோட்டுக்குள் இரவு உடுப்போடு இருந்தாள். தலை வாரி இழுக்கவில்லை. அவர் போனை வைத்த கையோடு ஓடி வந்திருக்கவேணும்.

"நீர் எங்கையிருந்து பின்னாலை வாறீர்?"

"சென்ரர் வாசலிலையிருந்து."

"முழுக்கவோ?"

"நீங்கள் பாலத்திலை நிண்டியள். அப்ப என்ரை உயிர் போயிட்டுது." அவள் கார்க் கதவைத் தொட்டுக் காட்டினாள். "இறங்கி ஓடி வருவமெண்டு கதவைத் திறந்திட்டன். பேந்து நீங்கள் நடக்கத் தொடங்கிட்டியள்."

அவருக்குக் கோபம் வரவேண்டும் என்று நினைத்தார். கோபம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தார், இல்லை. தலை இழுக்காமல், இரவு உடுப்போடு, ஆமை வேகத்தில், பின்னால் வந்த கார்க்காரர்களிடம் எத்தனை ஹோர்ன் வாங்கினாளோ. அவர் தனியாகக் கடந்தேன் என்று துள்ளிக்கொண்டு வந்த பாலத்தை இவளும் கடந்திருக்கிறாள், காருக்குள் இருந்து, தன்னுடைய மூச்சை அடக்கிக்கொண்டு. ஏறுங்கோ என்று அவள் சொல்லப்போகிறாள். சொன்னால் ஏறவேண்டும்தான், இனி என்ன.

"இறங்கும்," என்றார் அவர்.

"என்ன?"

"காரை இதிலையே விட்டிட்டு இறங்கும். வீடு கிட்டத்தானே. நடப்பம்."

"உங்களுக்கென்ன விசரே? இந்தக் கோலத்தோடையோ?"

"கோட்டு மூடியிருக்கு. ஆரும் பாக்கமாட்டினம்."

"நான் பாக்கேல்லை," என்றான் குலேந்திரன், அந்தப் பக்கம் திரும்பிப் பனியைத் தள்ளத் தொடங்கி.

இறங்கினாள். அவள் அவருடைய முழங்கைக்குள் கையை விட்டுக்கொண்டாள், அவரைப் பிடிக்கிறாளா, தான் பிடித்துக்கொள்கிறாளா என்று தெரியாத ஒரு பிடி. அவளுடைய அடி சின்னது, அவருடையதும் இன்றைக்குச் சின்னது, இரண்டும் ஒத்துப்போயின. இவளோடு இப்படி எப்போது நடந்தேன் என்று யோசித்தார். கலியாணம் முடிந்த புதிதில் ஏரிக் கரையில் ஒருமுறை, அதற்கும் படம் எடுக்கத்தான் போனது. பிறகு எல்லாம் காரில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடி, முன்னால் இருக்கிற வீதியைப் பார்த்துக்கொண்டு. இவளுடைய மூச்சும் இப்படி வெள்ளையாக வரும் என்றுகூட நான் பார்த்ததில்லையே. இரண்டு பேரின் மூச்சும் முன்னால் போய், கலந்து, இல்லாமல் போனது. பார்த்துக்கொண்டே வந்தவருக்கு அவள் கோட்டின் கழுத்தை இழுத்து மூடுவது பிறகுதான் தெரிந்தது.

"குளிருதோ?"

"இல்லை." சில அடி கழித்து, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "அண்டைக்கு நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை."

"எண்டைக்கு?"

"விழுந்த அண்டைக்கு. நான் கிரைண்டர் போட்டிருந்தனான், தோசைக்கு. அது ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் வெளியிலை கிடந்து எவ்வளவு நேரம் கூப்பிட்டியளோ. எனக்குக் கேக்கேல்லை. இப்பவும் கிரைண்டர் போட்டால் இடைக்கிடை நிப்பாட்டிப்போட்டுக் காது குடுத்துப் பாக்கிறனான்."

அவர் நின்றுவிட்டார். தோசைக்கு அரைக்கும்போது அவள் இடையில் நிறுத்துவதை அவர் கேட்டிருக்கிறார். மாவின் பதம் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தார். இரண்டு வருடமாக, கட்டிலில் கிடந்தபோதும், பிறகு கதிரையில் இருந்து பேப்பர் பார்த்தபோதும், கிரைண்டர் நிற்கும், வீடு அமைதியாகும், பிறகு மறுபடி ஓடும். அந்த அமைதிக்குள் இவள் என்னைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பேப்பரைத் திருப்பியிருக்கிறேன். இவ்வளவு காலமும் இவள் என்னை முட்டையைப் போல ஏந்திக்கொண்டு திரிவது என்னால் ஏலாது என்பதற்காக என்று நினைத்து எரிச்சல்பட்டேனே. நான் கூப்பிட்டேனா? அந்த வானத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தார், கண்ணுக்குள் விழுந்த பனியை, திறந்த வாயை.

"நான் கூப்பிடேல்லையப்பா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கூப்பிடத்தான் பாத்தனான். சத்தம் வரேல்லை. விழுந்த வேகத்திலை மூச்சு நிண்டு போச்சு. வாய் மட்டும் திறந்துகொண்டு கிடந்தது. சத்தமெண்டு ஒண்டு வந்திருந்தாத்தானே நீர் கேக்கிறதுக்கு. கிரைண்டர் ஓடாட்டிலும் உமக்குக் கேட்டிராது."

"மெய்யாவோ?"

"மெய்யா. நீராத்தான் வந்து பாத்தீர். நீர் வந்து கதவைத் திறந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது."

அவருடைய கையை விட்டுவிட்டு, கோட்டுப் பைக்குள் கைலேஞ்சி தேடினாள். இல்லை. கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி அவசரமாக நடக்கத் தொடங்கினாள். அவசரமாக நடக்கக்கூடாது, இதில் உப்பு இல்லை என்று அவர் சொல்ல வாயெடுக்கமுன் அவளுடைய இரண்டு காலும் முன்னால் போயின. அதன்பிறகு நடந்ததை அவர் செய்தார் என்று சொல்லமுடியாது, அது நடந்தது. ஒரு கால் அகன்று ஊன்றியது, முழங்கால்கள் மடங்கின, இரண்டு கைகளும் போய் அவளுடைய அக்குளுக்குக் கீழே பிடித்தன, வாயால் ஸ்ஸ்ஸ் என்று மூச்சு நீளமாக வெளியே போக, அந்த மூச்சோடு சேர்த்து அவளை மேலே தூக்கினார். கோட்டோடும் சப்பாத்தோடும் சுகிர்தமலர் முழுப் பாரமாக அவருடைய நெஞ்சில் வந்து சாய்ந்தாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அசைந்தால் என்ன ஆகுமோ என்று ஒருவரும் அசையவில்லை.

"என்ன சத்தம் அது?" என்றாள் அவள், அவருடைய ஜக்கற்றுக்குள் இருந்து. "நாரி பிடிச்சிட்டுதோ?"

"இல்லை. மூச்சு. பாரம் தூக்கேக்கை மூச்சை வெளியிலை விடவேணும்."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

பார்த்தார். நாரிக்குள் போய், ஒவ்வொரு கணுவாகத் தட்டிக் கேட்டார், இருக்கிறாயா, இருக்கிறாயா. இருந்தன. எல்லாம் அதனதன் இடத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தன. வலி வரும், கொஞ்சம் பிந்தி வரும் என்று பொறுத்துப் பார்த்தார். வரவில்லை.

"ஒண்டுமில்லை," என்றார். பிறகு அதைத் தான்தான் கேட்கவேண்டும் என்பதுபோல மறுபடி சொன்னார்: "ஒண்டுமில்லையப்பா."

முதலில் சிரித்தது அவள்தான். நடுவீதியில் இரவு உடுப்போடு நிற்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாள், குலேந்திரன் அண்ணை பார்த்திருப்பார் என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பில் மறுபடி கால் வழுக்க, அவர் பிடித்துக்கொள்ள, அதற்கும் சிரித்தார்கள். வீட்டு வாசல்வரை ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள், ஆர் ஆரைப் பிடித்தது என்று இனிக் கணக்கில்லை. கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"ஐயோ, கார்!"

"நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

அவள் அவரைப் பார்த்தாள். கோட்டுப் பைக்குள் இருந்து சாவியை எடுத்தாள், கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள், நீட்டினாள். "பன்னிரண்டு மணிக்கு முந்தி ஆரபி போன் எடுப்பாள்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். வெளியே வந்து படியில் நின்றவருக்குக் கதவுக்கு உள்ளே கிரைண்டர் ஓடத் தொடங்குவது கேட்டது. ஓடியது. அவர் நின்று கேட்டார். ஓடிக்கொண்டே இருந்தது.

திரும்பி நடந்தார். வந்த அடிகள் எதிர்ப்பக்கமாகப் பனியில் கிடந்தன, இரண்டு சோடி, ஒரு இடத்தில் எல்லாம் கலைந்து உழுத நிலம்போல. அதைப் பார்த்து ஒருமுறை தனியாகச் சிரித்தார். வெயில் இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தது. கூரை விளிம்பில் தொங்கிய பனிக்குச்சி ஒன்றிலிருந்து ஒரு துளி விழுந்தது, இன்னொன்று விழலாமா என்று யோசித்தது. நாளைக்கு நோகும், நாளைக்குக் கட்டாயம் ஏதாவது நோகும், தொடை, அல்லது பிடித்த கை. நோகட்டும், நல்ல நோ. குலேந்திரன் பனி தள்ளி முடித்து உள்ளே போயிருந்தான். அவனை வருகிற கிழமை கூட்டிக்கொண்டு போகவேணும், கடைசி மூலையில் அவனுக்கும் ஒரு பாய் போடலாம், மார்த்தாவின் வாயில் அவன் நல்லாகத்தான் படப்போகிறான். கார் எச்சரிக்கை விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது. கதவைத் திறந்தார், விளக்கை நிறுத்தினார். இருக்கை அவளுடைய அளவுக்கு முன்னால் தள்ளி இருந்தது. உள்ளே ஏறி இருக்கலாம், சூடு போடலாம், இரண்டு நிமிடத்தில் வீடு. கையைக் கதவில் வைத்தபடி நின்று அந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுப் பாலத்துப் பக்கமாக நடந்தார். கொஞ்சத் தூரம் போனதும் போன் அடித்தது.

"எங்கை நிக்கிறியள்?"

"நடக்கிறன்."

"கார்?"

"அது நிக்கட்டும்," என்றார் பரராஜசிங்கம். "மா அரைஞ்சு முடியிறதுக்குள்ளை ஒரு சுற்றுப் போட்டு வாறன்."